மேல் மடை எங்கே?

இரவு மணி இரண்டு. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர் அடங்கிக் கிடக்கிறது.

"மழை பெய்கிறது" என்றுதான் அந்த வீட்டு மருமகள் முதலில் நினைத்தாள். புரண்டு படுத்தாள். ஆனால் ஜன்னல் வழியே நிலா தெரிந்தது. நிலா காயும்போது மழையா?

எழுந்து கூடத்துக்கு வந்தாள். கால் நனைந்தது. அண்ணாந்து பார்த்தாள். மாடியிலிருந்து படி வழியே தண்ணீர் அருவி போல இறங்கிக் கொண்டிருந்தது!

மாடிக் குளியலறையில் சுவரிலிருந்து நீட்டிக் கொண்டிருக்கும் குழாயின் கழுத்து ஒடிந்து போயிருந்தது. எத்தனையோ நாளாகச் சொட்டிக் கொண்டிருந்த குழாய்தான். "ஆளைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்" என்று எத்தனையோ நாளாகச் சொல்லிக் கொண்டும் இருந்தார்கள். அன்று இரவு அது தானாகவே முடிவு கட்டிவிட்டது.

வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். எண்பது வயது மாமனார், மாமியார், மருமகள், பன்னிரண்டு வயதுப் பேரன். மகன் வளைகுடா நாட்டில் வேலையில் இருக்கிறார். குமரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை எத்தனை!

மருமகள் கெட்டிக்காரி. பதறிவிடவில்லை. வாசலுக்கு ஓடினாள். தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு இணைப்பு வரும் இடத்தில் ஒரு வால்வு உண்டு. அதை இறுக மூடினாள். "அப்பாடா!" என்று உள்ளே வந்தாள்.

தண்ணீர் நிற்கவில்லை!

கணவருக்குப் போன் செய்தாள். "மாடித் தொட்டியில் இருக்கிற தண்ணீர்தான் வருகிறது. ஆயிரம் லிட்டர் தீர்ந்தால் நின்றுவிடும்" என்றார் அவர். நியாயமான பேச்சுத்தான். காத்திருந்தாள். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. ஆயிரம் லிட்டர் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. நிற்கவும் இல்லை!

பாட்டா கேட்ட கேள்வி

வெளித் திண்ணையறையில் படுத்திருந்த மாமனார் அப்போதுதான் எழுந்து வந்தார். காது கொஞ்சம் மந்தம். அதனால் சத்தம் கேட்கவில்லை. அனந்தனார் சானல் பாசனத்தில் ஐம்பது வருஷம் வயல் பார்த்த கை அவருடையது. தண்ணீரைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கொல்லைப்புறம் போனார். கிணற்றிலிருந்து மாடிக்கு ஏறும் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். குழாய் அதிர்ந்து கொண்டிருந்தது.

"மக்களே, மேல தண்ணி தீரல்லன்னா கீழேருந்து ஆரோ எறைச்சு ஊத்துகான்னு அர்த்தம். மோட்டார் ஓடுதே!" என்றார்.

விஷயம் அதுதான். தொட்டியில் நீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடத் தொடங்கும்படி ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். சௌகரியத்துக்காக வைத்த கருவி! அது தன் கடமையை ஒழுங்காகச் செய்து கொண்டிருந்தது. கீழே கொட்டக் கொட்ட மேலே நிரப்பிக் கொண்டே இருந்தது.

அடுத்து அவர் கேட்டார்: "சரி, இதுக்கு மேல் மடை எங்கே இருக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. பதினான்கு வருஷமாகக் குடியிருக்கும் வீடு. சொந்த வீடு. பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. ஆனால், தண்ணீரை எங்கே அடைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை!

வாசகர்களே, சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் மேல் மடை எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா?

வயல்காரன் அறிந்த சட்டம்

நாஞ்சில் நாட்டு வயல்காரனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சானல் கரையில் உடைப்பு விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், அவன் முதலில் மண்வெட்டியைத் தூக்கிக் கொண்டு உடைப்பு இருக்கும் இடத்துக்கு ஓடமாட்டான். உடைப்புக்கு மேலே இருக்கும் மடைக்கு ஓடுவான். ஓடும் தண்ணீரில் போடும் மண் கரைந்து போகும். தண்ணீரை மேலே தடுத்துவிட்டால், உடைப்பை நிதானமாக அடைத்துக் கொள்ளலாம். "முதலில் மேல் மடை, பிறகு உடைப்பு" – இதுதான் சட்டம்.

இந்த நாட்டின் செழிப்பே அடைக்கவும் திறக்கவும் தெரிந்ததால் வந்த செழிப்பு அல்லவா?

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1906-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. திருவிதாங்கூரை மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலம் அது. அந்தப் பணியில் முன்நின்ற மிஞ்சின் என்ற ஐரோப்பியப் பொறியாளரின் கல்லறை இன்றும் அணைக்கு அருகிலேயே இருக்கிறது. பேச்சிப்பாறையின் கொள்ளளவு மட்டம் 48 அடி. பெருஞ்சாணியின் மட்டம் 77 அடி. மழைக்காலத்தில் இந்த அளவுகளைப் பத்திரிகையில் தேடிப் படிக்காத விவசாயி நம் மாவட்டத்தில் உண்டா?

அந்த அணைகளின் நீர் தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல், பத்மநாபபுரம் புத்தனார் சானல் என்று பிரிகிறது. சானலிலிருந்து கிளைக்கால். கிளைக்காலிலிருந்து குளம். குளத்திலிருந்து மடை. மடையிலிருந்து வாய்க்கால். வாய்க்காலிலிருந்து வயல். கன்னிப்பூவானாலும் கும்பப்பூவானாலும் இதே வழிதான். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு ஷட்டர் அல்லது மதகு அல்லது மடை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கூடை மண்! எந்த இடத்தில் தண்ணீரை நிறுத்தினால் எந்த வயலுக்குப் போகாது என்பது வயல்காரனுக்கு மனப்பாடம்.

அந்த வயல்காரனின் பிள்ளைகள் வீடு கட்டினார்கள். சானல் இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சுவருக்குள் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. மடைகளும் இருக்கின்றன. ஆனால் அவை எங்கே என்பது குழாய் போட்ட ஆளுக்குத்தான் தெரியும். அவரோ இரவு இரண்டு மணிக்குத் தூங்கிக் கொண்டிருக்கிறார்!

மூன்று வழியில் வரும் தண்ணீர்

சீமைப் புத்தகங்களைப் புரட்டினால், "குழாய் உடைந்தால் தெருவிலிருந்து வரும் பிரதான வால்வை மூடு" என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு அது சரி. அங்கே தெருக் குழாயின் அழுத்தத்திலேயே வீட்டுக் குழாய்கள் எல்லாம் ஓடுகின்றன. நம் ஊரில் அதை மட்டும் செய்தால், மேலே சொன்ன மருமகள் ஏமாந்தது போலத்தான் ஏமாற வேண்டும்.

நம் வீடுகளுக்குத் தண்ணீர் மூன்று வழியில் வருகிறது.

முதலாவது, தெருக் குழாய். நகராட்சி, பேரூராட்சி, பஞ்சாயத்துத் தண்ணீர். நாள் முழுதும் வருவதில்லை. முறை வைத்து வருகிறது. வரும்போது தரைத் தொட்டியில் விழுகிறது.

இரண்டாவது, கிணறு அல்லது ஆழ்துளைக் கிணறு. மோட்டார் போட்டால் மாடிக்கு ஏறுகிறது.

மூன்றாவது, மாடித் தொட்டி. குளியலறை, சமையலறை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் இறங்குவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். ஆகவே நம் வீட்டின் பேச்சிப்பாறை தலைக்கு மேலேதான் இருக்கிறது! உடைப்பு விழுந்தால் முதலில் அடைக்க வேண்டிய மேல் மடை, மாடித் தொட்டியின் அடியிலிருந்து குழாய் புறப்படும் இடத்தில் இருக்கும் வால்வுதான்.

எவ்வளவு தண்ணீர் கொட்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சின்னப் பரீட்சை செய்து பாருங்கள். பதினைந்து லிட்டர் வாளி ஒன்றைக் கீழ்த்தளத்துக் குழாயின் அடியில் வைத்து, குழாயை முழுதாகத் திறந்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் வாளி நிரம்பினால், ஒரு மணி நேரத்தில் 900 லிட்டர் என்று அர்த்தம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதாவது 900 கிலோ எடையுள்ள தண்ணீர் உங்கள் கூடத்தில்! அரிசிப் பானை, பாய், படுக்கை, பீரோவில் இருக்கும் வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகள் எல்லாம் என்ன ஆகும்?

பிரதட்சணமும் அப்பிரதட்சணமும்

மேல் மடையை அடைப்பது எப்படி? இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். வால்வுகள் பெரும்பாலும் இரண்டு ஜாதி.

ஒன்று, சிறு சக்கரம் போன்ற கைப்பிடி உள்ளது. கேட் வால்வு என்பார்கள். உள்ளே ஒரு பித்தளைக் கதவு மேலும் கீழும் போகும். நம் மதகுப் பலகை போலவேதான். கோவிலை நாம் எந்தத் திசையில் பிரதட்சணம் செய்கிறோமோ அந்தத் திசையில் சக்கரத்தைச் சுற்றினால் மூடிக் கொள்ளும். அப்பிரதட்சணமாகச் சுற்றினால் திறக்கும். ஒரு சுற்றில் மூடாது. பல சுற்றுக்கள் சுற்ற வேண்டும். "சுற்றினேன், நிற்கவில்லையே" என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படி விடக்கூடாது.

மற்றொன்று, நீளமான பிடி உள்ளது. பந்து வால்வு. உள்ளே ஓட்டை போட்ட உருண்டை ஒன்று இருக்கிறது. பிடி குழாயோடு ஒரே நேராக நின்றால் திறந்திருக்கிறது. குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. கால் சுற்றுப் போதும். வயதானவர்களும் சிறுவர்களும் இருக்கும் வீட்டுக்கு இதுவே ஏற்றது. பார்த்த மாத்திரத்தில் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும் அல்லவா?

இப்படிக் குழாயில் அடைப்பான் வைக்கும் வித்தை நேற்று வந்ததல்ல. கி.பி. 79-ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்தைத் தோண்டியபோது, வெண்கலத்தால் செய்த திருகு அடைப்பான்கள் குழாயோடு கிடைத்தன. நம் பாண்டி நாட்டு ஏரிகளிலும் குமிழித் தூம்பு என்று ஒன்று உண்டு. நீருக்குள் கல்லில் துளை. துளைக்கு ஒரு கல் அடைப்பு. அதைத் தூக்கினால் தண்ணீர் பாயும், இறக்கினால் நிற்கும். இன்று நாம் திருகும் குழாயின் மூதாதை, இங்கிலாந்தில் ராதர்ஹாம் என்ற ஊரில் கெஸ்ட், கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்புக்காரர்கள் 1845-ல் உரிமை பெற்ற திருகு குழாய். தண்ணீரைக் கொண்டுவரத் தெரிந்த ஜனங்கள் எல்லாரும் அதை நிறுத்தவும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று

சரி, குழாய் உடைந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் உடைந்த குழாய்க்கு மிக அருகில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கை கழுவும் தொட்டியின் அடியிலும், கழிப்பறைத் தொட்டியின் பக்கத்திலும் சிறிய அடைப்புக் குழாய் ஒன்று சுவரில் இருக்கும். அதை மூடினால் அந்த ஒரு குழாய் மட்டும் நின்றுவிடும். குளியலறைச் சுவரிலேயே அந்த அறைக்கு மட்டும் ஒரு வால்வு பதித்திருப்பதும் உண்டு. அருகில் அடைப்பு இல்லையென்றால், அல்லது அது பலிக்கவில்லையென்றால், நேரம் கடத்தாதீர்கள்.

ஒன்று: மோட்டாரை நிறுத்துங்கள். தானியங்கிக் கருவி இருந்தால் அதன் சுவிட்சையும் சேர்த்து நிறுத்துங்கள்.

இரண்டு: மாடித் தொட்டியின் வெளிக் குழாய் வால்வை மூடுங்கள். தொட்டியிலிருந்து இரண்டு மூன்று குழாய்கள் புறப்பட்டால், எது எதற்கு என்று தெரியாதபோது எல்லாவற்றையும் மூடுங்கள்.

மூன்று: தெருக் குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் நேராக வரும் வீடானால், மீட்டர் பக்கத்து வால்வையும் மூடுங்கள். தெருவில் இருக்கும் பெரிய வால்வு உங்களுடையது அல்ல. அதைத் தொடாதீர்கள். தெருவில் உடைந்தால் உள்ளாட்சி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். பயப்பட வேண்டாம். குழாய்க்குள் மிச்சம் இருக்கும் நீர் அது. கீழ்த்தளத்துக் குழாய் ஒன்றைத் திறந்து விட்டு, வாளியில் பிடித்துக் கொள்ளுங்கள். சீக்கிரம் வடிந்துவிடும். வெந்நீர்க் கொதிகலன் இருந்தால் அதன் மின்சாரத்தையும் நிறுத்த மறக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் சூடானால் கருவி கெட்டுப்போகும்.

பழுது பார்த்த பின் வால்வைத் திறக்கும்போதும் நிதானம் வேண்டும். முதலில் ஒரு குழாயைத் திறந்து வைத்துக் கொண்டு, வால்வை மெல்ல மெல்லத் திறவுங்கள். உள்ளே அகப்பட்ட காற்று சீறிக் கொண்டு வெளியேறும். அதன் பிறகு தண்ணீர் ஒழுங்காக வரும்.

தண்ணீரை விடப் பெரிய ஆபத்து

மறுபடியும் அந்தக் கிராமத்து வீட்டுக்கு வருவோம்.

இருட்டில் மருமகள் மாடிப் படி விளக்கைப் போடக் கை நீட்டினாள். மேல் தளத்தில் ஊறிய தண்ணீர், விளக்குக் கம்பி போகும் குழாய் வழியே இறங்கி, சுவிட்சுப் பலகையின் ஓரத்தில் சொட்டிக் கொண்டிருந்தது. அவள் நின்றதோ கணுக்கால் அளவு ஈரத்தில்!

"தொடாதே மக்களே!" என்று பாட்டா போட்ட சத்தத்தில் பேரன் நடுங்கிப் போனான். வயலில் பம்பு செட்டுகளைப் பார்த்த மனிதர் அவர். ஈரக் கையும் மின்சாரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

நல்ல வேளை, அந்த வீட்டின் மெயின் சுவிட்ச் முன்புறத் திண்ணையில் உலர்ந்த இடத்தில் இருந்தது. கையைத் துடைத்து, ரப்பர்ச் செருப்புப் போட்டுக் கொண்டு, மருமகள் அதை நிறுத்தினாள். விளக்குகள் அணைந்தன. மோட்டாரும் நின்றது.

இது எல்லாருக்கும் பாடம். தண்ணீர் சுவிட்சுப் பலகைக்கோ மின்கம்பிக்கோ அருகே வந்துவிட்டால், தண்ணீரை மறந்துவிடுங்கள். முதலில் மின்சாரம். மெயின் சுவிட்ச் உலர்ந்த இடத்தில் இருந்து, நீங்களும் உலர்ந்த இடத்தில் நின்றால் மட்டுமே அதை நிறுத்துங்கள். மெயின் சுவிட்சே நனைந்திருந்தால், அல்லது அதற்குப் போக ஈரத்தில் நடக்க வேண்டியிருந்தால், எதையும் தொடாமல் எல்லாரும் வெளியே வந்து, மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நனைந்த பாயை வெயிலில் காய வைக்கலாம். போன உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

துரு பிடித்த மடை

மின்சாரம் நின்ற பிறகு பேரன் சொன்னான்: "பாட்டா, தட்டடியிலே தொட்டிக்குக் கீழே ஒரு சின்ன சக்கரம் உண்டு. பந்து எடுக்கப் போனப்போ பார்த்திருக்கேன்!"

பெரியவர்கள் அறியாத மேல் மடையைக் கிரிக்கெட் பந்து தேடிப் போன பையன் அறிந்து வைத்திருந்தான்! டார்ச் விளக்கோடு தாயும் மகனும் ஏறினார்கள். சக்கரம் இருந்தது. ஆனால் அசையவில்லை. பதினான்கு வருஷமாக ஒருவரும் தொடாத சக்கரம். வெயிலிலும் மழையிலும் கிடந்து, துருவும் உப்பும் ஏறி, கல்லாகச் சமைந்திருந்தது.

இதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிற சங்கதி. மதகுப் பலகையைத் தூக்கி இறக்காமல் விட்டால் சேற்றில் இறுகிவிடும் என்று வயல்காரனுக்குத் தெரியும். வீட்டு வால்வும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது முழுதாக மூடித் திறக்க வேண்டும். கேட் வால்வை முழுதாகத் திறந்த பின், கால் சுற்று பின்னுக்குத் திருப்பி விட்டால் இறுகிப் போகாது. அதைப் பாதி திறந்த நிலையில் வைத்தால், ஓடும் நீர் கதவை அரித்துவிடும். இறுகிப் போன வால்வைப் பெரிய ரெஞ்சு கொண்டு முரட்டுத்தனமாகத் திருகினால், உள்தண்டு முறிந்து போகும். பிறகு மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது.

பாட்டா என்ன செய்தார் தெரியுமா? பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தார். விரல் பருமனுள்ள கம்பு ஒன்றை ஒரு முனை கூராகச் சீவி, அதில் துணியை இறுகச் சுற்றினார். உடைந்த குழாயின் வாயில் வைத்து, மெல்லத் தட்டித் தட்டி ஏற்றினார். தண்ணீர் சீறியது, பீறிட்டது, பிறகு சொட்டாயிற்று. வரப்பில் நண்டு வளையை வைக்கோலும் சேறும் வைத்து அடைக்கிற அதே கைப்பழக்கம்!

இது தற்காலிக வேலைதான். ஆனால் விடியும் வரை தாங்கும். குழாயில் வெடிப்பு மட்டும் இருந்தால், பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டினாலும் பெரும்பாலும் கசிவு அடங்கும். மாடித் தொட்டியில் வால்வே இல்லாத வீடானால், பகல் வேளையில் தொட்டி மூடியைத் திறந்து, உள்ளே குழாய் புறப்படும் வாயில் துணி சுற்றிய கட்டையை அழுத்தி வைக்கலாம். இரவில், தனியாக, தொட்டி மேல் ஏற வேண்டாம்.

யார் கொடுத்த விலை?

தண்ணீர் நின்றுவிட்டது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

இவ்வளவு அமர்க்களத்திலும் ஆச்சி சும்மா இருப்பாளா? நனைந்த அரிசியைக் காப்பாற்றுவதற்காக இருட்டில் சமையலறைக்குப் போனாள். ஈரத் தரையில் கால் வழுக்கியது. கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஒடிந்த குழாய்த் துண்டின் விலை என்ன? சொற்பம். நல்ல வால்வின் விலை? அதுவும் ஆஸ்பத்திரிச் செலவோடு பார்த்தால் சொற்பம்தான். எங்கே அடைப்பது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதற்கு விலை? ஒன்றுமே இல்லை! அந்த ஒன்றுமில்லாததைச் செய்யாமல் விட்டதற்கு ஆச்சியின் கை விலையாயிற்று.

ஒரு தொட்டித் தண்ணீரின் அருமை

"வீணாவது கிணற்றுத் தண்ணீர்தானே? குமரி மாவட்டத்தில் தண்ணீருக்கா பஞ்சம்?" என்று சிலர் நினைக்கலாம்.

நாகர்கோவில் நகரத்துக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையைக் கேளுங்கள். 25 அடி மட்டம் உள்ள அந்த அணை, மழை பொய்த்த கோடைகளில் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, 'மைனஸ்' கணக்கில் எழுதப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

2017 நவம்பர் 29-ஆம் தேதி இரவும் மறுநாளும் ஒக்கிப் புயல் அடித்ததை இங்கே யார் மறப்பார்கள்? கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையென்றால் மாடித் தொட்டியில் மிஞ்சிய தண்ணீர்தான் கையிருப்பு. அப்படிப்பட்ட வேளையில் ஒரு மரக்கிளை விழுந்து குழாயை ஒடித்தால், வால்வை அடைக்கத் தெரிந்த வீட்டுக்காரனுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்கும். தெரியாதவனுக்கு இராது. புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை நிரப்பி, மேல் மடையை மூடி வைப்பது புத்திசாலித்தனம். தேவைப்படும்போது மட்டும் திறந்து கொள்ளலாம்.

உடைப்பு மட்டும் அல்ல, சொட்டும் கணக்கில் சேர்ந்ததுதான். இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய், ஒரு நாளில் நாலு லிட்டருக்கு மேலும், ஒரு வருஷத்தில் 1,500 லிட்டருக்கு மேலும் வீணாக்கும். சொட்டுவது குழாய் கொடுக்கும் எச்சரிக்கை. அந்தக் கிராமத்து வீட்டிலும் அது எச்சரித்துக் கொண்டுதான் இருந்தது!

இன்று ஞாயிற்றுக்கிழமை

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கே 'வெள்ளம்' என்றுதான் பெயர். ஆகவே இந்தப் பழமொழி நமக்கு இரட்டிப்புப் பொருத்தம்.

இன்று விடுமுறை நாள். வீட்டில் எல்லாரும் இருப்பீர்கள். காப்பி குடித்துவிட்டு, ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு மாடிக்குப் போங்கள். தொட்டியிலிருந்து எத்தனை குழாய் இறங்குகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வால்வையும் மூடி, கீழே எந்தக் குழாய் நிற்கிறது என்று ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'சமையலறை', 'மாடிக் குளியலறை' என்று எழுதி ஒவ்வொன்றிலும் ஒரு தகரச் சீட்டுக் கட்டுங்கள். இறுகிப் போன வால்வு இருந்தால் ஆளை அழைத்து மாற்றுங்கள். மாடி ஏற முடியாத முதியவர்கள் வீட்டில் இருந்தால், குழாய் இறங்கிவரும் வழியில், கைக்கு எட்டும் உயரத்தில் இன்னொரு வால்வு வைக்கச் சொல்லுங்கள்.

வீட்டுத் தலைவர் மட்டும் தெரிந்து கொண்டால் போதாது. அவர் வெளியூரில் இருக்கும் போதுதான் குழாய் உடையும்! மனைவிக்கும், தாய் தந்தையருக்கும், பிள்ளைகளுக்கும், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் காட்டிக் கொடுங்கள். வீட்டைப் பூட்டிக் கொண்டு வெளியூர் போகும்போது, கதவைப் பூட்டுவது போலவே மேல் மடையையும் மூடிவிட்டுப் போங்கள்.

அந்தக் கிராமத்து வீட்டில் இப்போது புதிய பந்து வால்வுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று தட்டடியில், மற்றொன்று கொல்லைப்புறச் சுவரில், ஆச்சியின் கைக்கு எட்டும் உயரத்தில். கொல்லைப்புற வால்வில் ஒரு தகரச் சீட்டுத் தொங்குகிறது. பேரன் சிவப்பு மையில் எழுதியிருக்கிறான்: 'மேல் மடை'.

மாதம் ஒரு முறை பாட்டா அதன் முன் வந்து நிற்பார். "லே மக்கா, மடையை அடை பார்ப்போம்!" என்பார். பையன் அடைப்பான். உள்ளேயிருந்து ஆச்சி குரல் கொடுப்பாள்: "தண்ணி நின்னாச்சு!"

உங்கள் வீட்டில் அந்தக் குரல் கேட்க வேண்டாமா?